சேமக்காலைக்கு மேலே பறக்க

மேர்வின் பதினேழு வயதில் திருகோணமலைப் பட்டினத்தில் ஒரு ஸ்டூடியோவில் பிலிம் கழுவச் சேர்ந்தார். பிலிம் போய் டிஜிட்டல் வந்தது. பிறகு அந்த ஸ்டூடியோவே போன் திருத்துகிற கடையாகிவிட்டது. மேர்வின் உப்புவெளியில் தன் வீட்டின் முன்னறையைக் கடையாக்கிக்கொண்டு, கலியாண வீடு, செத்த வீடு இரண்டுக்கும் வீடியோ எடுக்கத் தொடங்கினார். கலியாணத்துக்கு ஊரில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். செத்த வீடென்றால் மேர்வினைத்தான் தேடி வருவார்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் போனில் பார்த்து அழுவதற்காக, வீட்டுப் பூசையிலிருந்து மண் போடுவது வரைக்கும் நேரடியாகக் காட்டுவார். கமராவை அழுகிறவர்களின் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோக மாட்டார். பின்னால் ஒரு மூலையில் நிற்பார். அதனால்தான் அவரை வீட்டுக்குள் விட்டார்கள்.

ட்ரோனை வாங்கியது கலியாணங்களுக்காக. உப்புவெளிக் கடற்கரையில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் கைகோத்து நடப்பதை மேலிருந்து எடுப்பதற்கு. அதைப் பதிவு செய்து, காப்புறுதி எடுத்து, ஒவ்வொரு தடவையும் பொலிசுக்கு அறிவித்து, ஒழுங்காகத்தான் பறக்கவிட்டு வந்தார். சட்டத்தில் அவருக்குப் பயம் இருந்தது. துறைமுக வீதியில் கேட்காமல் பறக்கவிட்ட ஒரு பொடியனின் ட்ரோன், வழக்கு முடியும்வரை பொலிசில் கிடந்ததை அவர் கண்டிருந்தார்.

ஒரு மாசி மாதத்தில் ஜெர்மனியிலிருந்து கிறிஸ்டின் என்ற அம்மா பேசினார். அவருடைய தகப்பன் பெயர் பற்றிக். கொட்டியாரக் குடாவுக்குக் குறுக்கே மூதூருக்குப் போகிற லோஞ்ச் படகைப் பல வருடம் ஓட்டியவர். முந்தின வருடம் காலமானார். கிறிஸ்டினால் வர முடியவில்லை. அடக்கத்தை மேர்வின்தான் காட்டியிருந்தார்.

"தம்பி, நீங்கள் அனுப்பின படத்தில ஒரு சீமெந்துக் கல்லு தெரியுது, பக்கத்தில வேற கல்லுகள் தெரியுது. அப்பா எங்க கிடக்கிறார் எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்ல."

"சேமக்காலையிலதானே அக்கா."

"சேமக்காலை எங்க கிடக்கு? நான் ஒன்பது வயசில வெளிக்கிட்டனான் தம்பி. கோயில் எந்தப் பக்கம், எங்கட பழைய வீடு எந்தப் பக்கம், கடல் எந்தப் பக்கம், ஒண்டும் ஞாபகமில்லை. மேலயிருந்து ஒருக்காக் காட்டுங்கோ. உங்களிட்ட ட்ரோன் இருக்குத்தானே?"

"ஓம் அக்கா. அதுக்கென்ன, செய்யலாம்."

இப்படி லேசாகச் சொன்னதற்காக மேர்வின் அந்த வருடம் முழுதும் தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

அந்தச் சேமக்காலை, பங்கின் கல்லறைத் தோட்டம், உள்துறைமுகத்தை நோக்கிச் சரிகிற நிலத்தில் இருக்கிறது. கடல் பக்கமாக ஆளுயரத்துக்கு மேலே ஒரு மதில். அது பிறகு கட்டியது. அதனால் உள்ளே நிற்கிறவர்களுக்குக் கடல் தெரியாது. அக்கரையில் கடற்படையின் இடம். அதற்கு அங்கால் சீனக்குடாவில் விமான ஓடுபாதை. எல்லாம் தெரிந்த விசயம்தான். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபின், இடத்தைப் பார்த்து வைப்போம் என்று ட்ரோனைக் கொண்டுபோய்ச் சேமக்காலை வாசலில் வைத்து இயக்கிப் பார்த்தார். திரையில் சிவப்பு எழுத்து வந்தது. இது கட்டுப்படுத்தப்பட்ட இடம், பறக்க முடியாது. விசிறிகூடச் சுழலவில்லை. உத்தியோகத்தர் ஒருவரும் வந்து தடுக்காமல், தன் சொந்தச் சாமானே தன்னை மறித்தது மேர்வினுக்கு வெட்கமாக இருந்தது. யாரும் பார்க்க முதல் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

அங்கே பறக்கவிடக் கொழும்பின் அனுமதியும், அதற்குக் காணிக்காரரின் சம்மதக் கடிதமும் வேண்டும். பங்குத் தந்தை நல்ல மனிதர். கேட்டவுடனே ஓம் என்றார். ஆனால் காணி மேற்றிராசனத்தின் பெயரில் இருப்பதால், தன் கையெழுத்து கொழும்பில் செல்லாது என்றும் சொன்னார். ஆயர் இல்லத்துக்கு எழுதினார்கள். அங்கிருந்து பதில் வர உயிர்ப்புத் திருநாள் தாண்டிவிட்டது. அதையும் சேர்த்து விண்ணப்பத்தை அனுப்பினால், கொழும்பிலிருந்து ஒரு உத்தியோகத்தர் போன் எடுத்தார். அவருக்குத் தமிழ் கொஞ்சம், மேர்வினுக்குச் சிங்களம் கொஞ்சம்.

"நோக்கம் எண்ட இடத்தில என்ன எழுதியிருக்கு? சேமக்காலையா? ஆரின்ர கலியாணம்?"

"கலியாணமில்லை சேர். செத்தவர் ஒருவரின்ர கல்லறை. மகள் பார்க்கவேணுமாம்."

"மகள் நேர வந்து பார்க்க ஏலாதா?"

"வெளிநாட்டில இருக்கிறா சேர்."

"அப்ப இது வெளிநாட்டுக்குப் போற படமா?"

மேர்வின் நெற்றியைத் தடவிக்கொண்டார். வெளிநாட்டுக்குப் போகிற படம் என்றதும் விண்ணப்பம் வேறொரு மேசைக்குப் போனது. பாதுகாப்புப் பக்கத்து ஒப்புதல் வேண்டும். அதற்கு வரைபடம் வேண்டும். வரைபடத்தில் ஊர்ப்பெயர் ஆங்கிலத்தில் ஒரு மாதிரியும் ஆயர் இல்லத்துக் கடிதத்தில் இன்னொரு மாதிரியும் இருந்ததால் கட்டு முழுவதும் திரும்பி வந்தது. மேர்வின் திருத்தி அனுப்பினார். போன் எடுத்தால் உரிய ஆள் லீவில் நிற்பார், இல்லாவிட்டால் கூட்டத்தில் இருப்பார். யாரும் அவரிடம் கடுமையாகப் பேசவில்லை. எல்லாரும் மரியாதையாகவே அடுத்த கிழமை எடுக்கச் சொன்னார்கள். அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கோபப்படுவதற்குக்கூட ஒரு ஆள் கிடைக்கவில்லை.

அவருடைய மனைவி சுலக்ஷனா பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவர். ஒருநாள் பின்னேரம் குசினியிலிருந்து சொன்னார்: "பற்றிக் ஐயா உயிரோட இருக்கேக்க முழு லோஞ்சையும் சனத்தோட ஓட்டித் திரிஞ்சவர். அப்ப இவ்வளவு கடிதம் எடுத்திருக்க மாட்டார். கல்லறைக்குள்ள சும்மா படுத்திருக்கிறதுக்கு எத்தினை கையெழுத்து!"

"நீயும் தொடங்காத," என்றார் மேர்வின்.

பங்கில் சேமக்காலைக் கமிட்டி என்று ஒன்று இருந்தது. ஆயர் இல்லம் ஓம் என்றாலும் கமிட்டிக்கும் சொல்லவேண்டும். ஆடி மாதம் பங்கு மண்டபத்தில் கூடினார்கள். செயலாளர் ஜக்சன் விசயத்தைச் சொல்லி முடித்ததும், பின்வரிசையிலிருந்து நதீஷா எழும்பினாள்.

முப்பத்தைந்து வயதுகூட இல்லாத விதவை. கணவன் டெங்கு வந்து போனவன். பற்றிக்கின் கல்லறை இருக்கிற அதே வரிசையில்தான் அவனுடையதும். முந்தின கார்த்திகையில், மரித்தோர் திருநாளன்று, ஊர் சுற்றிப் படம் எடுக்கிற யாரோ சிலர் எங்கிருந்தோ ஒரு சின்ன ட்ரோனைப் பறக்கவிட்டார்கள். அவளும் மகளும் கல்லறையைக் கட்டிப்பிடித்து அழுதது, இசையெல்லாம் சேர்த்து யூடியூப்பில் வந்தது. முறைப்பாடு செய்து அதை எடுப்பித்தாள். அதற்குள் வேறு பலர் அதைப் பிரதி எடுத்துப் போட்டிருந்தார்கள். கந்தளாய் போகிற பஸ்சில் முன்பின் தெரியாத ஒரு பெண், "நீங்கள்தானே அந்த வீடியோவில அழுதது?" என்று கேட்டாளாம்.

"மேர்வின் அண்ணா, உங்களில எனக்குக் கோவமில்லை," என்றாள் நதீஷா. "ஆனா மேலயிருந்து எடுக்கிறவருக்குக் கீழ நிக்கிறவை ஆரெண்டு தெரியாது. கீழ நிண்டவள் நான்."

"நான் ஒரு குடும்பத்துக்கு மட்டும்தான் அனுப்பப்போறன் தங்கச்சி. ஒரு இடத்திலயும் போடமாட்டன்."

"நீங்கள் போடமாட்டியள். அவ போடமாட்டா எண்டு என்னெண்டு சொல்லுவியள்? அவவின்ர பிள்ளையள்? பிள்ளையளின்ர சிநேகிதமாரு?"

அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு நாளும் மேசைகளோடு மல்லுக்கட்டிவிட்டு, இப்போது ஒரு நியாயமான ஆளோடு மல்லுக்கட்ட அவரிடம் பலம் இருக்கவில்லை.

கடைசியில் கமிட்டி ஓம் என்றது. ஆனால் நிபந்தனைகள் போட்டது. ஆட்கள் ஒருவரும் படத்தில் வரக்கூடாது. அடக்கம் நடக்கிற நேரம் பறக்கக்கூடாது. மற்றக் குடும்பங்களின் பெயர்கள் வாசிக்கக்கூடியதாக இருக்கக்கூடாது. படம் பற்றிக்கின் குடும்பத்தின் சொந்தப் பார்வைக்கு மட்டும், வேறு எந்தத் தேவைக்கும் பாவிக்கக்கூடாது. அனுப்புவதற்கு முதல் நதீஷா ஒருதடவை பார்க்கவேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை மேர்வினுக்குக் கசந்தது. இருபத்தைந்து வருடத் தொழிலில் அவர் எடுத்ததை யாரும் முன்னுக்குப் பார்த்து அனுமதி கொடுத்ததில்லை. என்றாலும் கையெழுத்து வைத்தார்.

கொழும்பு ஒப்புதல் புரட்டாசி கடைசியில் வந்தது. ஐப்பசியில் ஒரு நாள், காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும். உயரத்துக்கு ஒரு எல்லை. கமரா எந்த நேரத்திலும் துறைமுகப் பக்கம் திரும்பக்கூடாது.

அந்தக் கடைசி வரியை வாசித்துவிட்டு மேர்வின் முற்றத்தில் அங்குமிங்கும் நடந்தார். பிறகு கிறிஸ்டினுக்குப் போன் எடுத்துச் சொன்னார்.

"கடல் இல்லாமல் எனக்கு என்னத்துக்குத் தம்பி? அவர் கடலில நிண்ட மனுசன்."

"எனக்குத் தெரியும் அக்கா. ஆனா அவையும் சும்மா சொல்லேல்ல. அந்தப் பக்கம் கடற்படை நிக்குது."

"செத்த மனுசன் கடற்படைக்கு என்ன செய்யப்போறார்?"

"அவர் செய்யமாட்டார். நான் செய்வனோ எண்டு பார்க்கினம்."

கிறிஸ்டின் பெருமூச்சு விட்டார். "சரி. எடுக்கிறதை எடுங்கோ."

குறித்த நாளன்று மேர்வின் வெள்ளெனப் போனார். பொலிசுக்கு அறிவித்தாயிற்று. ட்ரோனின் பூட்டைத் திறக்க அதைத் தயாரித்த கம்பெனிக்குத் தனியாக விண்ணப்பித்ததும் கிடைத்தாயிற்று. வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினால், சேமக்காலைக்குள் இரண்டு பேர் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். பங்கில் ஒரு கிழவி முந்தின நாள் மோசம் போய்விட்டார். அடக்கம் பத்து மணிக்கு.

பத்து மணிக்கு அடக்கம் வரவில்லை. மூத்த மகன் தோப்பூரிலிருந்து வந்து சேரவேண்டுமாம். மேர்வின் வேப்பமரத்துக்குக் கீழே ட்ரோன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். குழி வெட்டியவர்கள், இப்போது ஒருவரும் இல்லைத்தானே, பறக்கவிடுங்கள் என்றார்கள். ஆனால் கமிட்டிக்கு எழுதிக்கொடுத்திருந்தது அடக்க நேரம் என்று. அடக்க நேரம் எப்போது தொடங்குகிறது, குழி வெட்டும்போதா, சவப்பெட்டி வரும்போதா? யாரிடம் கேட்பது? அவர் ட்ரோனை எடுக்கவில்லை. பதினொரு மணியளவில் பெட்டி வந்தது. செபம் நடந்தது. மண் போட்டார்கள். கடைசி மகள் கல்லறையடியில் இருந்து எழும்ப மறுத்தாள். அவளைப் போகச்சொல்ல யாருக்கு வாய் வரும்? மேர்வின் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், பார்த்ததற்காகத் தன்னையே வெறுப்பதுமாக இருந்தார்.

எல்லாரும் போய் முடிய மத்தியானத்துக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. காற்றும் எழும்பிவிட்டது. புதுக் கல்லறையின் மெழுகுதிரிகள் அணைந்து போகாமல், தூரத்தில் மணலான ஒரு இடத்திலிருந்து ட்ரோனை எழுப்பினார். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோயிலையும், கோயிலிலிருந்து வருகிற வீதியையும், கிறிஸ்டினின் பழைய வீட்டுக் கூரையையும் எடுத்தார். பிறகு கமராவை நேரே கீழே பார்க்க வைத்து, வரிசை வரிசையாகக் கல்லறைகளுக்கு மேலே மெல்லக் கொண்டுபோய்ப் பற்றிக்கின் கல்லுக்கு மேலே நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து ஒரு செம்பிராந்துப் பருந்து வந்தது. முதலில் சுற்றியது. பிறகு காலை நீட்டிக்கொண்டு பாய்ந்தது. மேர்வின் அவசர அவசரமாக இறக்கினார். ட்ரோன் மணலில் சரிந்து விழுந்து ஒரு விசிறி முறிந்தது. இன்னொருதரம் எழுப்ப நேரமில்லை. இத்தனை மாத அலைச்சலுக்கு, கையில் மிஞ்சியது சில நிமிடப் படம்.

அடுத்த நாள் நதீஷா கடைக்கு வந்தாள். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கம்பியூட்டர் திரைக்குக் கிட்ட இருந்து பார்த்தாள். பெயர்களை மேர்வின் மங்கலாக்கியிருந்தார். ஆட்கள் இல்லை. அவள் தலையாட்டினாள். பிறகு, "கொஞ்சம் பின்னுக்கு விடுங்கோ," என்றாள்.

"ஏன், ஆரும் தெரியினமே?"

"இல்லை. இஞ்ச பாருங்கோ. சேமக்காலை முழுக்கக் காஞ்சு கிடக்கு. இந்த மூலை மட்டும் ஏன் பச்சை?"

மேர்வின் அதைக் கவனித்திருக்கவில்லை. மேலிருந்து பார்க்கத்தான் தெரிந்தது. வீதிப்பக்கம் தொடங்கி, கல்லறைகளுக்கு நடுவாலே ஒரு பச்சைக் கோடு சரிவோடு இறங்கி, மதிலடியில் முட்டி, அங்கே அகலமாகப் பரவி நின்றது. அந்தப் பச்சைக்குள்தான் அவளுடைய கணவனும் பற்றிக்கும் இருந்தார்கள்.

"பழைய வாய்க்கால் ஒண்டு ஓடியிருக்கு," என்றார் மேர்வின் மெதுவாக. "மதில் கட்டேக்க அடைச்சுப்போட்டினம்."

நதீஷாவின் முகம் மாறியது. "நான் ஒவ்வொரு வருசமும் அவருக்கு மண் போடுறன் அண்ணா. ஒவ்வொரு மாரிக்கும் இறங்குது. பெட்டி உக்கினா அப்பிடித்தான் இறங்கும் எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். நான் அதை நினைச்சு நினைச்சுப் படுக்கேலாமல் கிடந்தனான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதை ஜக்சன் அண்ணாவுக்குக் காட்டுங்கோ. இப்பவே அனுப்புங்கோ."

"ஏலாது தங்கச்சி."

"ஏன் ஏலாது?"

"குடும்பத்தின்ர பார்வைக்கு மட்டும் எண்டு கையெழுத்து வைச்சனான். கொழும்புக்கும் அப்பிடித்தான் எழுதினனான். மதில் பிரச்சினைக்குப் பாவிச்சால் அது வேற தேவை."

"உங்களுக்கென்ன விசரே? நீங்கள் எடுத்த படம், எங்கட சேமக்காலை!"

"அந்த நிபந்தனையைப் போடச்சொல்லி நிண்டது ஆர்?"

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு நதீஷா எழும்பினாள். "சரி, படத்தை மூடுங்கோ. அலவாங்கு இருக்கோ?"

அன்று பின்னேரமே இருவரும் போய் மதிலடியைத் தோண்டினார்கள். வாடிப்போன மலர் வளையங்கள் குவிந்து கிடந்த இடத்துக்குக் கீழே வாய்க்கால் வாய் இருந்தது. கல்லும் சீமெந்தும் வைத்து நன்றாக அடைத்திருந்தார்கள். ஜக்சனைக் கூட்டிவந்து நேரிலேயே காட்டினார்கள். ஜக்சன் குனிந்து பார்த்தார், ஓம் என்று தலையாட்டினார், பிறகு தலையைச் சொறிந்தார். மதில் ஒரு குடும்பம் நேர்ச்சையாகக் கட்டித் தந்தது. கேட்காமல் உடைத்தால் அவர்கள் மனம் நோகும். கூடிக் கதைத்துத்தான் செய்யவேண்டும்.

கூடிக் கதைப்பதற்குள் மாரி தொடங்கிவிட்டது. இரண்டு நாள் அடித்த மழையில் அந்த மூலையில் கணுக்காலுக்கு மேலே தண்ணீர் நின்றது. மூன்றாம் நாள் பங்குத் தந்தையே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்று, அடைப்பை உடைப்பித்தார். தண்ணீர் ஒரு மணித்தியாலத்தில் வடிந்து போனது. ஆனால் பற்றிக்கின் கல் ஒரு பக்கம் புதைந்து நடுவாலே வெடித்திருந்தது. மேர்வின் மழையில் நனைந்தபடி அந்த வெடிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கிழமைக்கு முன்னர் உடைத்திருந்தால் இது நடந்திருக்காது. அவருக்கு யாரையாவது பிடித்து உலுப்பவேண்டும்போல இருந்தது.

படத்தைக் கிறிஸ்டின் ஏற்கெனவே பார்த்திருந்தார். அன்றிரவு அவரே போன் எடுத்தார்.

"அந்த வீதியில ஒரு பள்ளம் வருதெல்லே தம்பி, கோயிலுக்குக் கிட்ட? அதில அப்பா சைக்கிளால இறங்கித் தள்ளுவார். நான் இருக்கையிலேயே இருப்பன். அது எனக்கு ஞாபகம் வந்தது." பிறகு கேட்டார்: "கடல் எந்தப் பக்கம்?"

"படத்துக்குப் பின்பக்கம் அக்கா. நான் கடலுக்கு முதுகு காட்டித்தான் எடுத்தனான்."

"அப்ப அப்பாவின்ர கால்மாட்டில."

"ஓம். கால்மாட்டிலதான்."

அதற்குப் பிறகுதான் மேர்வின் கல் வெடித்ததைச் சொன்னார். கிறிஸ்டின் உடனே புதுக்கல் போடச் சொன்னார். ஆனால் கல்லறையில் கை வைப்பதென்றால் உரிமையுள்ள குடும்பத்தவர் நேரில் வந்து கையெழுத்து வைக்கவேண்டும். கமிட்டியின் விதி அப்படி. ஜக்சன் அதில் ஒரு சொல்லையும் மாற்ற மறுத்தார். மேர்வின் சத்தம் போட்டுப் பார்த்தார். பிறகு கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. வெட்கத்தோடு கிறிஸ்டினுக்கு அதையும் சொன்னார்.

கிறிஸ்டின் முதலில் கோபத்தில் ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னார். பிறகு சிரித்தார். "அப்ப நான்தான் வரவேணும். வேற வழியில்லை."

அடுத்த ஆனியில் வந்தார். தலை நரைத்த, உடம்பு மொத்தமான ஒரு அம்மா. ஆட்டோவில் கோயில் பள்ளம் வந்ததும் நிறுத்தச் சொல்லி இறங்கி, மிச்சத் தூரத்தை நடந்தே வந்தார். சேமக்காலையில் நதீஷா காத்திருந்தாள். மேர்வின் கமரா எதுவும் கொண்டுபோகவில்லை. கிறிஸ்டின் வெடித்த கல்லுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து அழுது முடித்தார். பிறகு எழும்பி மதிலைப் பார்த்தார்.

"கடல் இதுக்கு அங்காலயோ?"

"ஓம் அக்கா."

காவலாளியின் கொட்டிலில் ஒரு பிளாஸ்டிக் கதிரை கிடந்தது. நதீஷா அதைத் தூக்கி வந்து மதிலோடு போட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மேர்வின் கையைக் கொடுத்து ஏற்றிவிட்டார். கிறிஸ்டின் மதில் விளிம்பில் நாடியை வைத்துக்கொண்டு, நெடுநேரம் குடாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கதிரை ஒருபக்கம் ஆடியது. மேர்வினின் கை நோகத் தொடங்கியது. அவர் விடவில்லை.